வேலை பாதியாகிவிட்ட நிலையில் மகளிர் உரிமைத்தொகையைக் கடன் அட்டைக்குக் கட்டலாமா?

கேள்வி: பர்கூர் கல்தொழிலாளி

அனைவருக்கும் வணக்கம். பர்கூருக்கு அருகில் உள்ள ஒரு கிரானைட் பாலிஷ் தொழிற்கூடத்தில் மேற்பார்வையாளராக வேலை செய்கிறேன். எங்கள் கூடத்தில் அறுத்து மெருகேற்றும் ஸ்லாப்புகளில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்கள் மீதான அமெரிக்க வரி 50 விழுக்காடு ஆனதும், பேசி முடித்திருந்த ஆர்டர்களையே வாங்குபவர்கள் நிறுத்திவிட்டார்கள். மரச்சட்டங்களில் அடுக்கிக் கட்டிய ஸ்லாப்புகள் கன்டெய்னர் வராமல் முற்றத்திலேயே நிற்கின்றன. முதலாளி யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை என்பது ஆறுதல். ஆனால் வாரத்தில் 3 நாள்தான் வேலை. 18,000 ரூபாயாக இருந்த சம்பளம் இப்போது 9,000 ரூபாய்.

என் பெயரில் இரண்டு கடன் அட்டைகள் உள்ளன. முதல் அட்டையில் 62,400 ரூபாய் நிலுவை. இரண்டாவதில் 21,000 ரூபாய். அதில் 10,000 ரூபாய் அம்மாவின் மருத்துவச் செலவுக்காக ஏடிஎம்மில் ரொக்கமாக எடுத்தது. இதுவரை குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டி வருகிறேன். ஆனாலும் நிலுவை குறைந்ததாகத் தெரியவில்லை. மளிகைக்குக் கையில் பணம் இல்லாததால் மாதக் கடைசியில் மீண்டும் அட்டையைத்தான் தேய்க்க வேண்டியிருக்கிறது.

வீட்டுக்கு வரும் அரசுப் பணம் என்று பார்த்தால், மனைவிக்குக் கலைஞர் மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசுப் பள்ளியில் படித்து இப்போது கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் வருகிறது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மாந்தோப்பு இருப்பதால் பிஎம் கிசான் பணம் நான்கு மாதத்துக்கு ஒருமுறை 2,000 ரூபாய் வரும்.

இந்தப் பணத்தையெல்லாம் சேர்த்துக் குறைந்தபட்சத் தொகைக்குக் கட்டிவிட்டால் நிலைமை சீராகும் வரை தாக்குப் பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். மகள் தன் பணத்தைத் தானே எடுத்து நீட்டுகிறாள். வாங்க மனம் வரவில்லை. சம்பளக் கணக்கும் முதல் கடன் அட்டையும் ஒரே வங்கியில் இருப்பதால், கட்டாமல் விட்டால் கணக்கில் இருந்து வங்கியே எடுத்துக்கொள்ளுமா, மனைவியின் கணக்கும் அதே கிளையில் இருப்பதால் அவருடைய பணத்திலும் கைவைப்பார்களா என்ற அச்சமும் இருக்கிறது. ரிசர்வ் வங்கி நவம்பரில் தவணை ஒத்திவைப்பு அறிவித்ததாக உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். அது எனக்குப் பொருந்துமா? கிருஷ்ணகிரியில் ஒரு கடைக்காரர், அட்டையைத் தேய்த்தால் நூற்றுக்கு இரண்டரை ரூபாய் கழித்துக்கொண்டு ரொக்கம் தருவதாகவும், அதைக் கொண்டு பில்லைக் கட்டிவிட்டு அடுத்த மாதம் மறுபடியும் தேய்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறார். மனைவியிடம் 3 பவுன் சங்கிலியும் ஒரு பவுனில் தோடும் இருக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.


பதில்: தொப்பூர் கணக்கர்

தம்பி, கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன் நான். உங்கள் கேள்வியிலேயே விடைக்கான இடம் இருக்கிறது. “மளிகைக்குப் பணம் இல்லாததால் மறுபடியும் அட்டையைத் தேய்க்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் பணம் ஒழுகுகிறது. அரசு தரும் பணத்தைக் கொண்டுபோய் அட்டைக்குக் கட்டினால் அந்த ஓட்டை இன்னும் பெரிதாகும். ஏன் என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறேன்.

கடன் அட்டைகளில் மாதத்துக்கு மூன்றரை விழுக்காடு அல்லது அதற்குச் சற்று மேல் வட்டி என்பது பரவலான விகிதம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால் நூற்றுக்கு மூன்றரை வட்டி. அடகுக் கடையில் மூன்று வட்டி கேட்டால் எழுந்து வந்துவிடுகிற நாம், அட்டையில் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்துக்கொண்டிருப்பதை உணர்வதில்லை. உங்கள் 62,400 ரூபாய்க்கு மாத வட்டி 2,184 ரூபாய். கடன் அட்டை வட்டிக்கு 18 விழுக்காடு ஜிஎஸ்டி உண்டு. அது 393 ரூபாய். ஆக 2,577 ரூபாய். குறைந்தபட்சத் தொகையை நிலுவையில் 5 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் நீங்கள் கட்டுவது 3,120 ரூபாய். அசலில் குறைவது வெறும் 543 ரூபாய். அந்த மாதமே 1,000 ரூபாய்க்கு மளிகை தேய்த்தால் நிலுவை ஏறித்தான் போகும்.

இதில் இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. முழுத் தொகையையும் கட்டி முடிப்பவர்களுக்குத்தான் வட்டியில்லாக் காலம் என்ற சலுகை உண்டு. முந்தைய மாத நிலுவை ஒரு பகுதி நின்றுவிட்டாலும், புதிதாக வாங்கும் பொருளுக்கு வாங்கிய நாளில் இருந்தே வட்டி ஓடத் தொடங்கிவிடும். எனவே இன்று அட்டையில் வாங்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் இன்றே மூன்றரை வட்டி தொடங்குகிறது. ரொக்கம் எடுத்த 10,000 ரூபாய்க்கோ சலுகைக் காலம் எப்போதுமே இல்லை. எடுத்த நாளிலிருந்து வட்டிதான், எடுத்ததற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஆகவே உங்கள் மனைவியின் 1,000 ரூபாய் வீட்டு மளிகைக்கு மட்டும் போகட்டும். அட்டை இரண்டையும் இன்றோடு பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். கைப்பேசிச் செயலிகளில் அட்டை எண்ணைச் சேமித்து வைத்திருந்தால் அதையும் நீக்கிவிடுங்கள். நியாயவிலைக் கடையில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது, துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25 ரூபாய். எங்கள் தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகும் தந்தார்கள். அந்தப் பொருள்களை ஒன்று விடாமல் வாங்கி, மிச்சத்துக்கு உரிமைத்தொகையைச் செலவிட்டால் அட்டையைத் தொடாமல் மாதத்தை நகர்த்த முடியும். மகளின் 1,000 ரூபாய் அவளுடைய பேருந்துக்கும் புத்தகத்துக்கும் கல்விக் கட்டணத்துக்கும் உரியது. அதைத் தொடாதீர்கள். வாங்க மனம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மனம் சொல்வதைக் கேளுங்கள். அப்பாவின் 2,000 ரூபாய் தோப்புக்கு உரியது. 2025 இல் பெங்களூரா மாங்காய் விலை சரிந்து நம் பக்கத்து விவசாயிகள் பட்ட பாட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அடுத்த பருவத்துக்கு மருந்து அடிக்கவும் உழவு ஓட்டவும் அவரிடம் அந்தப் பணமாவது இருக்க வேண்டும்.

வங்கி கைவைக்குமா என்று கேட்டீர்கள். கடன் வாங்கியவர் பெயரிலேயே அதே வங்கியில் இருக்கும் கணக்கில் இருந்து நிலுவையை நேர்செய்துகொள்ளும் உரிமை வங்கிக்கு உண்டு. அட்டைக்கு விண்ணப்பிக்கும்போது நாம் கையெழுத்திடும் நிபந்தனைகளிலும் அது இருக்கும். ஆனால் மனைவி தனி ஆள். அவர் பெயரில் மட்டும் உள்ள கணக்கு உங்கள் அட்டைக் கடனுக்குப் பொறுப்பாகாது. ஒரே கிளையில் இருப்பதால் மட்டும் எடுத்துவிட முடியாது. உங்கள் இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்காக இருந்தால் மட்டும் சிக்கல் வரலாம். அப்படியானால் அவருக்குத் தனியாகக் கணக்குத் தொடங்கி, உரிமைத்தொகை அதில் வருமாறு மாற்றச் சொல்லுங்கள். குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக அது இருந்தால் நல்லது.

உரிமைத்தொகைத் திட்டத்தின் விண்ணப்பப் பதிவு முகாமை 2023 ஜூலை 24 அன்று முதல்வர் எங்கள் தொப்பூரில்தான் தொடங்கி வைத்தார். செப்டம்பரில் பணம் வரத் தொடங்கியபோது, சில வங்கிகள் சேவைக் கட்டணம், பழைய பாக்கி என்று அதைப் பிடித்துக்கொள்வதாகப் புகார் எழுந்தது. எந்தக் காரணத்துக்காகவும் அந்தத் தொகையை நேர்செய்யக் கூடாது என்று அப்போதைய நிதி அமைச்சர் தங்கம் தென்னரசு வெளிப்படையாகவே அறிவித்தார். பிடித்தால் 1100 என்ற உதவி எண்ணில் புகார் செய்யவும் வழி சொல்லப்பட்டது. வயநாடு நிலச்சரிவில் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்குக் கேரள அரசு அனுப்பிய உதவித் தொகையில் இருந்து 2024 ஆகஸ்டில் ஒரு வங்கி மாதத் தவணையைப் பிடித்துக்கொண்டதும், கடும் எதிர்ப்புக்குப் பிறகு அந்தப் பணத்தைத் திருப்பித் தந்ததும் நாடறிந்த செய்தி. உதவிப் பணம் எதற்காகத் தரப்படுகிறது என்பதை வங்கிகளுக்கே இப்படி நினைவூட்ட வேண்டியிருந்தது. நாம் வலியப் போய் அதைக் கடனுக்குக் கட்டக் கூடாது.

அட்டையைத் தேய்த்து ரொக்கம் தரும் கடைப்பக்கம் போகவே போகாதீர்கள். 62,400 ரூபாய்க்கு இரண்டரை விழுக்காடு என்றால் ஒவ்வொரு முறையும் 1,560 ரூபாய் போகும். கடன் அப்படியே நிற்கும். பொருள் வாங்காமல் வாங்கியதாகக் காட்டுவது அட்டையின் நிபந்தனைக்கு முரணானது. மாதந்தோறும் ஒரே கடையில் முழு வரம்பும் தேய்க்கப்படுவதைக் கண்டால் வங்கி அட்டையை முடக்கிவிடும். அன்றைக்கு முழு நிலுவையும் தலைமேல் விழும்.

என் யோசனை நகைக்கடன்தான். இரண்டு அட்டைக்கும் சேர்த்து 83,400 ரூபாய்க்கு இப்போது மாத வட்டியும் வரியுமாக 3,444 ரூபாய் போகிறது. அதே தொகையை வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ ஆண்டுக்கு 10 விழுக்காடு அளவில் நகைமேல் வாங்கினால் மாத வட்டி 695 ரூபாய். நகைக்கடன் வட்டிக்கு ஜிஎஸ்டி கிடையாது. 3 பவுனின் இன்றைய மதிப்புக்கு அதைவிடக் கூடுதலாகவே தருவார்கள். தருகிறார்கள் என்பதற்காக ஒரு ரூபாய்கூடக் கூடுதலாக வாங்க வேண்டாம்.


பதில்: மத்திகிரி தையல்காரி

அண்ணா, ஐயா சொன்ன மளிகைக் கணக்கை அப்படியே ஏற்கிறேன். சங்கிலி விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் ரிசர்வ் வங்கி அறிவிப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஓசூர் பக்கம் தொழிலாளர்கள் இதை நம்பித் தவணை கட்டாமல் நிறுத்துவதைக் கேள்விப்படுகிறேன்.

2025 நவம்பர் 14 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்த சலுகை, வரி உயர்வால் பாதிக்கப்பட்ட குறிப்பிட்ட துறைகளைச் சேர்ந்த ஏற்றுமதி நிறுவனங்கள் வாங்கிய கடன்களுக்கானது. அந்த நிறுவனங்களில் வேலை செய்பவர்களின் கடன் அட்டைக்கு அது பொருந்தாது. உங்கள் முதலாளிக்கு ஒருவேளை கிடைத்திருக்கலாம், உங்களுக்குக் கிடைக்காது. அதை நம்பிக் கட்டாமல் விட்டால் தாமதக் கட்டணமும் வட்டியும் ஏறும், சிபில் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் பதிவிலும் ஏறும்.

எல்லோருக்கும் பொதுவாகக் கிடைத்த ஒத்திவைப்பு 2020 இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 27 அன்று அறிவித்தார்கள். முதலில் மார்ச் முதல் மே வரை, பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தார்கள். கடன் அட்டைக்கும் அது பொருந்தியது. ஆனால் அந்த ஆறு மாதமும் வட்டி நிற்கவில்லை. எங்கள் தெருவிலேயே பலர் அதைத் தள்ளுபடி என்று எண்ணி இருந்துவிட்டு, செப்டம்பர் பில்லைப் பார்த்துக் கலங்கிப் போனார்கள். 2 கோடி ரூபாய் வரையிலான கடன்களுக்கு வட்டிக்கு வட்டியாக விழுந்த தொகையை மட்டும் அரசு திருப்பித் தருவதாக அக்டோபரில் அறிவித்தது. ஒத்திவைப்புக் காலத்துக்கு வட்டிமேல் வட்டி வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 23 அன்று தீர்ப்பளித்தது. அடிப்படை வட்டியை எல்லோரும் கட்டத்தான் வேண்டியிருந்தது. கடன் அட்டை வட்டிக்கு 30 விழுக்காடு என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் விதித்த உச்சவரம்பையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று நீக்கிவிட்டது. எனவே வட்டியைக் குறைக்க வெளியிலிருந்து யாரும் வருவார்கள் என்று காத்திருக்க இயலாது. நீங்களே வங்கியிடம் கேட்க வேண்டும்.

கேட்க வேண்டியது இதுதான்: நிலுவை முழுவதையும் மாதத் தவணையாக மாற்றித் தரச் சொல்லுங்கள். இதுவரை நீங்கள் தவணை தவறவில்லை என்பதே உங்கள் பெரிய பலம்; தவறிய பிறகு கேட்டால் தர யோசிப்பார்கள். 62,400 ரூபாயை ஆண்டுக்கு 18 விழுக்காட்டில் 24 மாதத் தவணையாக மாற்றினால் மாதம் சுமார் 3,115 ரூபாய் வரும். அதோடு வட்டிக்கான ஜிஎஸ்டி முதல் மாதம் 168 ரூபாய். அது மாதந்தோறும் குறைந்துகொண்டே வரும். இப்போது குறைந்தபட்சத் தொகையாக நீங்கள் கட்டும் 3,120 ரூபாய்க்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் இது இரண்டு ஆண்டில் முடிந்துவிடும். பில்லின் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடாமல் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டி வந்தால் கடன் தீரப் பல ஆண்டுகள் ஆகும் என்ற எச்சரிக்கை சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். தவணையாக மாற்றுவதற்கு முன் வட்டி விகிதம், நடைமுறைக் கட்டணம், முன்கூட்டியே அடைத்தால் என்ன பிடிப்பார்கள் ஆகிய மூன்றையும் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் “சரிங்க சார்” என்று சொல்வது நாளை செல்லாது.

கடைசித் தேதி சம்பளத்துக்கு முன்னால் வருகிறதா? பில் போடும் தேதியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. தானாகப் பணம் எடுக்க அனுமதி கொடுத்திருந்தால், அது முழுத் தொகைக்கா குறைந்தபட்சத் தொகைக்கா என்றும் பார்த்துவிடுங்கள். சம்பளம் விழுந்த நாளிலேயே மொத்தமும் போய்விட்டதென்றால் அதற்குப் பெரும்பாலும் அந்த அனுமதிதான் காரணமாக இருக்கும்.

இனி சங்கிலிக்கு வருகிறேன். அது உங்கள் மனைவியின் உடைமை. இந்தக் கூடத்தில் வாரம் 3 நாள் வேலையும் நின்றுபோகும் நிலை வந்தால், அன்றைக்கு உங்கள் குடும்பத்தை நிறுத்தப் போவது அந்த 3 பவுன்தான். அதை இன்றே அடகு வைத்துவிட்டால் நாளைக்கு என்ன இருக்கிறது? கணக்கர் ஐயாவின் கணக்கு சரியானது. ஆனால் அவர் கணக்கில் வேலை இப்படியே தொடரும் என்ற அனுமானம் இருக்கிறது. தவணை மாற்றத்துக்கு வங்கி ஒப்புக்கொள்ளாவிட்டால் மட்டும் நகையைத் தொடுங்கள். அப்போதும் முடிவு அக்காவுடையதாக இருக்கட்டும், ரசீதும் அவர் பெயரில் இருக்கட்டும்.


பதில்: பாலக்கோட்டு விவசாயி

இருவரும் சொன்னதில் ஒரு குறை தெரிகிறது. உதவிப் பணத்தைத் தொட வேண்டாம் என்பதில் அவ்வளவு பிடிவாதம் தேவையா? ஒரு மாதம் 300, 400 ரூபாய் குறைந்தால் குறைந்தபட்சத் தொகையே கட்ட முடியாமல் போகும். அது சிபிலில் பதிந்தால் பிறகு டிராக்டர் கடனும் கிடைக்காது, மகளுக்குக் கல்விக் கடனும் கிடைக்காது. தக்காளி விலை கிலோ சில ரூபாய்க்கு விழும் மாதங்களில் நாங்கள் கையில் இருக்கும் எந்தப் பணத்தையும் எடுத்துத் தவணையைக் காப்பாற்றுகிறோம். அந்த 400 ரூபாய் எந்தத் திட்டத்தில் வந்தது என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது.


பதில்: தொப்பூர் கணக்கர்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு மாதம் 400 ரூபாய் குறைந்து தவணை தவறும் நிலை வந்தால், வீட்டில் உள்ள எந்தப் பணத்தையும் எடுத்துக் கட்டுவதுதான் சரி. நான் எதிர்ப்பது அதை மாதாந்தர வழக்கமாக்குவதை. ஒவ்வொரு மாதமும் உரிமைத்தொகை வந்தால்தான் குறைந்தபட்சத் தொகை நிறைவடையும் என்ற நிலை இருந்தால், அந்தக் கடன் இந்தச் சம்பளத்தால் தாங்க முடியாத கடன் என்று பொருள். அதன் வட்டியைக் குறைக்க வேண்டுமே தவிர, அரிசிப் பணத்தால் முட்டுக்கொடுக்கக் கூடாது.

நாள் கணக்கில் சிறிய இடைவெளி ஒன்றும் உண்டு. கடைசித் தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கவும் தவறியதாகப் பதியவும் முடியும் என்று ரிசர்வ் வங்கியின் நெறிமுறைகள் சொல்கின்றன. சம்பளம் ஓரிரு நாள் தாமதமானால் பதற வேண்டாம். அதற்காகக் கைப்பேசியில் உடனடிக் கடன் தரும் செயலிகளைத் திறக்கவும் வேண்டாம்.

தங்கை சொன்ன சங்கிலி விஷயத்தை யோசித்துப் பார்த்தேன். அனுபவத்தில் பேசுகிறார். ஆனால் மூன்றரை வட்டி ஓடும் கடனை வைத்துக்கொண்டு நகையைப் பத்திரமாக வைத்திருப்பதும் சேமிப்பு ஆகாது. குறைந்தது இரண்டாவது அட்டையையாவது நகைக்கடனால் முடித்துவிடலாம் என்பது என் எண்ணம். ரொக்கம் எடுத்த கடன் அதில்தான் இருக்கிறது. அதற்குச் சங்கிலி வேண்டியதில்லை. ஒரு பவுன் தோடு போதும்.


கேட்டவரின் மறுமொழி: பர்கூர் கல்தொழிலாளி

மூவருக்கும் என் நன்றி. இரவு மனைவியையும் மகளையும் உட்கார வைத்து எல்லாவற்றையும் படித்துக் காட்டினேன். மனைவி தோட்டை அவரே கழற்றிக் கொடுத்துவிட்டார். சங்கிலியைத் தொட வேண்டாம் என்பதில் அவர் மத்திகிரி சகோதரியின் பக்கம். கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டதில் 21,000 ரூபாய்க்குத் தாராளமாகத் தருவதாகச் சொன்னார்கள். ஆண்டுக்கு 10 விழுக்காடு என்று கணக்கிட்டால் மாதம் 175 ரூபாய் வட்டிதான் வருகிறது. முதல் அட்டைக்குத் தவணை மாற்றம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன். கிளையில் நேரில் கேட்டபோது, அட்டைப் பிரிவு சென்னையில் இருக்கிறது, நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

மகளின் பணத்தை இனிக் கேட்பதில்லை என்று அவளிடமே சொல்லிவிட்டேன்.

இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. மின்னஞ்சலுக்குப் பதிலே வராவிட்டால் என்ன செய்வது? இரண்டாவது அட்டையை அடைத்த பிறகு அதை வைத்துக்கொள்ளலாமா, மூடிவிட வேண்டுமா? அந்த இரண்டாவது அட்டை வங்கியின் வசூல் பிரிவில் இருந்து பேசிய ஒருவர், “மொத்தமாகப் பேசி முடித்துக்கொள்ளலாம், 14,000 கட்டினால் போதும்” என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.


பதில்: மத்திகிரி தையல்காரி

அண்ணா, அந்த 14,000 ரூபாய்க்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்படி முடித்தால் சிபில் அறிக்கையில் “செட்டில்டு” என்று விழும். முழுவதும் அடைத்தால்தான் “குளோஸ்டு” என்று வரும். முன்னது இருந்தால் அடுத்து எந்த வங்கிக்குப் போனாலும் அந்தச் சொல்லைத்தான் முதலில் பார்ப்பார்கள். வேலை முற்றிலும் இழந்து எந்த வழியும் இல்லாதவருக்கு அது தேவைப்படலாம். தோட்டை வைத்து முழுத் தொகையையும் கட்ட முடிகிற உங்களுக்கு, இன்று 7,000 ரூபாயை மிச்சம் பிடிக்கப் போய் மகளின் கல்விக் கடனுக்குக் கையெழுத்திடும் நாளில் நின்று விளக்கம் சொல்லும் நிலை வர வேண்டாம்.

இரண்டாவது அட்டையை மூடிவிடுங்கள். ரொக்கம் எடுத்த அட்டை கையில் இருந்தால் மறுபடியும் எடுக்கத் தோன்றும். நிலுவை இல்லாத அட்டையை மூடச் சொல்லி விண்ணப்பித்தால் வங்கி 7 வேலை நாளுக்குள் மூடியாக வேண்டும். தவறினால் மூடும் வரை நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் அதே விதிகள் சொல்கின்றன. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பணம் கட்டிய நாளுக்கும் அடுத்த பில்லுக்கும் இடையில் ஓடிய வட்டி 100, 200 ரூபாய் பிறகு வந்து நிற்கும். இன்றைய தேதியில் முழுவதும் முடிக்க எவ்வளவு என்று கேட்டு அந்தத் தொகையைக் கட்டுங்கள். அடுத்த பில் பூச்சியமாக வந்த பிறகு மூட விண்ணப்பியுங்கள். நிலுவை இல்லை என்ற கடிதத்தை வாங்கி நகை ரசீதோடு வையுங்கள். சிபில் உள்ளிட்ட ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். இரண்டு மாதம் கழித்து அதில் சரியாகப் பதிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மின்னஞ்சலுக்கு வருவோம். வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகாராக அனுப்பி, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் நிறைவாக இல்லாவிட்டாலும் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகக் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் வழிமுறை சொல்வார்கள். தவணையாக மாற்றித்தான் ஆக வேண்டும் என்று அவர் வங்கியைக் கட்டாயப்படுத்துவார் என எதிர்பார்க்க வேண்டாம். அது வங்கியின் முடிவு. பதில் சொல்லாதது, சொன்ன விகிதத்துக்கு மேல் வட்டி போட்டது, கட்டிய பணத்தை வரவு வைக்காதது போன்றவற்றுக்குத்தான் அந்த வழி பயன்படும். இதற்கிடையில் முதல் அட்டையின் குறைந்தபட்சத் தொகையைச் சம்பளத்தில் இருந்து முதல் வேலையாகக் கட்டிவிடுங்கள்.

வசூல் பிரிவினர் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் பேசக் கூடாது. உறவினரிடமும் அக்கம்பக்கத்தாரிடமும் உங்கள் கடனைப் பற்றிப் பேசி அவமானப்படுத்தவும் கூடாது. கடன் கட்ட இயலாதது உரிமையியல் விவகாரம். போலீசைக் கூட்டி வருவோம் என்று யாராவது மிரட்டினால் பேசியவர் பெயர், எண், நேரம் எல்லாவற்றையும் குறித்து வைத்துப் புகாரோடு சேர்த்துவிடுங்கள். நகைக்கடனுக்கு மாத வட்டியை நிலுவை வைக்காமல் கட்டி வருவதோடு, ரசீதில் போட்டிருக்கும் முடிவுத் தேதியை அக்காவின் கைப்பேசியிலும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வங்கி தவணை மாற்றத்துக்கு மறுத்தால் இங்கேயே எழுதுங்கள். அந்த மறுப்பில் என்ன காரணம் சொல்லியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்து அடுத்ததை யோசிப்போம்.